குடும்ப வன்முறைச் சட்டம்: இந்தியாவில் ஒன்று, இலங்கையில் ஒன்று

இரண்டும் 2005ஆம் ஆண்டுச் சட்டங்கள். இரண்டிலும் மனு போவது மாஜிஸ்திரேட்டிடம்; இலங்கையில் அவரை நீதவான் என்பார்கள்.

இந்தியாவில் பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவளுக்காகப் பாதுகாப்பு அலுவலரோ வேறொருவரோ மனுச் செய்யலாம். இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் படிவம் 1இல் சம்பவ அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அடி உதை மட்டுமல்ல. செலவுக்குப் பணம் தராததும், சீர் நகையைக் கேட்காமல் விற்பதும் இதில் வரும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீடென்றால் குடியிருக்கும் உரிமை கேட்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். அதனால் முதல் மனுவோடே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேட்டுவிடுவது நல்லது.

இலங்கையில் ஆணும் மனுச் செய்யலாம், பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸும் செய்யலாம். இது பெரிய வசதி. ஆனால் செலவுக்குப் பணம் தராதது போன்ற பண ஒடுக்குமுறை, குடும்ப வன்முறைக்கு 2005 சட்டம் தரும் வரைவிலக்கணத்தில் தனியாக இல்லை. வன்முறை கூடாது என்று நீதிமன்றம் இடும் பாதுகாப்புக் கட்டளையும் அதிகபட்சம் 12 மாதம்தான். இந்தியாவில் பாதிக்கப்பட்ட பெண்ணே விலக்கக் கேட்கும்வரை அது நீடிக்கும்.