வயதானவர்களுக்கு ஹார்மோன்: எது தேறும், எது தேறாது?

நோய் எதுவும் இல்லை, நடமாட்டத்துக்கும் குறைவில்லை, ஆனால் முன்பு இருந்த தெம்பு மட்டும் இல்லை என்று சொல்லும் 65, 70 வயதுக்காரர்களிடம் பேசப்படும் ஹார்மோன்கள் முக்கியமாக நான்கு: வளர்ச்சி ஹார்மோன், சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்கும் டிஹெச்இஏ, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி இளமை சிகிச்சை என்று விற்பவர்கள் உண்டு. ஆய்வுகளிலோ நான்கும் நான்கு விதமாக நடந்துகொண்டன. வெளியிலிருந்து கொடுத்தால் ரத்தத்தில் அளவு ஏறத்தான் செய்யும். அந்த மனிதரால் முன்பைவிட எளிதாகப் படி ஏற முடிகிறதா, என்ன விலை கொடுத்து என்பதை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

முதலில் வளர்ச்சி ஹார்மோன், ஏனென்றால் இளமை சிகிச்சை வியாபாரம் ஊதிப்பெருகியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 1990-ல் டேனியல் ரட்மன் குழு 61 முதல் 81 வயது வரையிலான 21 ஆண்களை எடுத்துக்கொண்டு, அதில் 12 பேருக்கு ஆறு மாதம் ஊசி போட்டது. கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது, கொழுப்பு அல்லாத உடல் எடை 8.8 சதவீதம் கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொழுப்பு அல்லாத எடை என்றால் தசை மட்டும் கிடையாது, உடலில் தேங்கும் நீரும் அந்தக் கணக்கில் வந்துவிடும், வளர்ச்சி ஹார்மோன் நீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோன். 1996-ல் இன்னொரு குழு 70 வயதைத் தாண்டிய ஆண்களிடம் இதையே செய்து பார்த்து, கூடவே தசை வலுவையும் உடல் தாங்கும் திறனையும் அளந்தது. உடலமைப்பு மாறியது, வலு கூடவில்லை. மூட்டுவலி, கால் வீக்கம், மணிக்கட்டு நரம்பு அழுந்திக் கை மரத்துப்போதல், சர்க்கரை ஏறுதல் எல்லாம்தான் மிச்சம். ரட்மனின் கட்டுரையை வெளியிட்ட நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினே அது விளம்பரங்களில் தவறாகப் பயன்படுகிறது என்று 2003-ல் எச்சரித்து எழுத வேண்டியதாயிற்று. ஆரோக்கியமான ஒருவர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

டிஹெச்இஏ விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். இருபதுகளில் உச்சத்தில் இருக்கும் இது எழுபதுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது, அதனால் நிரப்பினால் இளமை திரும்பும் என்று நினைப்பது இயல்புதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக் குழு இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டது: உடல் வலு, இன்சுலின் செயல்பாடு, வாழ்க்கைத் தரம் எதிலும் பயன் தெரியவில்லை. பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் பயனில்லாத மாத்திரையை எதற்கு விழுங்க வேண்டும்?

டெஸ்டோஸ்டீரோன் அப்படித் தள்ளிவிட முடியாதது. 65 வயதைத் தாண்டிய, அளவு உண்மையிலேயே குறைந்திருந்த, அதற்கான அறிகுறிகளும் இருந்த 790 ஆண்களுக்கு ஓராண்டு ஜெல் கொடுத்த ஆய்வு 2016-ல் வெளியானது. தாம்பத்திய ஆர்வமும் செயல்பாடும் ஓரளவு மேம்பட்டன, மனநிலை கொஞ்சம் தெளிந்தது. தெம்பு கூடும் என்ற பெரிய எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை, நினைவாற்றலும் மாறவில்லை. எலும்பு அடர்த்தி கூடியது, ரத்தசோகை குறைந்தது, அதே சமயம் இதயத் தமனிகளில் படிவும் கூடியது. மாரடைப்பு பயத்துக்கு 2023-ல் வந்த டிராவர்ஸ் ஆய்வு ஒரு பதில் தந்தது. 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களில் மாரடைப்போ பக்கவாதமோ அதிகமாகவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் கூடுதலாகத் தெரிந்தன. அடர்த்தி கூடினால் எலும்பு முறிவு குறையும் என்றுதானே நினைப்போம்? அதே ஆய்வில் முறிவு கூடுதலாகத்தான் இருந்தது.

இதில் இன்னொன்றையும் பலர் சொல்வதில்லை, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் வந்தால் விரைகள் தாமாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், பிறகு நிறுத்துவது சிரமம். ஆகவே அறிகுறியும் இருந்து, வெவ்வேறு நாட்களில் காலையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் அளவு குறைவாக இருந்தால் மருத்துவரிடம் பேசலாம். வெறும் சோர்வுக்கு என்றால் வேண்டாம்.

ஈஸ்ட்ரோஜன் விஷயத்தில்தான் பெண்களுக்கு இரண்டு பக்கமும் அநியாயம் நடந்தது என்று நினைக்கிறேன். முதலில் எல்லோருக்கும் நல்லது என்றார்கள். 2002-ல் அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும், கருப்பையைக் காக்க அதோடு சேர்க்கப்படும் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்த பகுதி பாதியில் நிறுத்தப்பட்டதும், எல்லோருக்கும் ஆபத்து என்று பயந்து ஓடினார்கள். அந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் கூடுதலாக 7 பேருக்கு இதய நோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, அதாவது பலருக்கு மாதவிடாய் நின்று பல வருடம் ஆகியிருந்தது. மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுக்குள், 60 வயதுக்குக் கீழே, உடல் கொதிப்பும் வியர்வையும் தூக்கத்தைக் கெடுக்கும் பெண்ணுக்கு இது நல்ல மருந்து, மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ இல்லாத பட்சத்தில். அவர்களைப் பயமுறுத்தித் தடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 70 வயதில் மூளையைக் காக்கப் புதிதாகத் தொடங்குவதோ முற்றிலும் வேறு கதை, 65-ஐத் தாண்டியவர்களுக்கு அந்த ஜோடி மருந்து மறதிநோய் வாய்ப்பை இரட்டிப்பாக்கியது.

சரி, தெம்புதான் வேண்டும் என்றால்? எடை தூக்கும் பயிற்சியையும் இந்த வரிசையில் நிறுத்தியாக வேண்டும். 1994-ல் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 87 ஆன, தளர்ந்துபோன 100 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பத்து வாரம் கால்களுக்குக் கடுமையான எடைப்பயிற்சி செய்தவர்களின் தசை வலு 113 சதவீதம் கூடியது, நடை வேகம் சுமார் 12 சதவீதம், படியேறும் திறன் 28 சதவீதம். அந்த ஆய்வில் ஒரு குழுவுக்குப் பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய வலு கூடவில்லை.