1914-இலிருந்து பின்னோக்கியா, 1905-இலிருந்து முன்னோக்கியா?

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளை உலக வரலாறாகப் படிக்க முனைவோருக்குப் பெரும்பாலும் காட்டப்படும் வாசல் போஸ்னியாவின் சரயேவோ நகரம். 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்கி, முதல் உலகப் போரின் காரணங்களைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் முறை இது. இதற்கு மாற்றாக, ரஷ்ய-ஜப்பானியப் போர் முடிந்த 1905-இல் தொடங்கி முன்னோக்கி வரலாம். ஒரே ஒரு பொருளின் தடத்தைப் பற்றிச் செல்லும் மூன்றாவது வழியும் உண்டு.

சரயேவோ வழியில் படிக்க வேண்டிய காலம் மிகக் குறுகியது. கொலை நடந்த நாளுக்கும், ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்த ஆகஸ்ட் 4-க்கும் இடையே 37 நாட்கள்தாம். சான்றுகளை எடைபோடப் பழகுவதற்கு அந்த நாட்கள் மிகச் சிறந்த களம். போர் மூண்டதும் ஜெர்மனி வெள்ளைப் புத்தகத்தையும், பிரிட்டன் நீலப் புத்தகத்தையும், ரஷ்யா ஆரஞ்சுப் புத்தகத்தையும், பிரான்ஸ் மஞ்சள் புத்தகத்தையும் வெளியிட்டு, தத்தம் பக்கமே நியாயம் என்று காட்டும்படி தந்திகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கின. இரண்டை அருகருகே வைத்துப் படிப்பவர், எழுதப்பட்டதைவிட விடப்பட்டதையே கவனிக்கக் கற்றுக்கொள்வார். ஆனால் முடிவை அறிந்துகொண்டு பின்னோக்கிப் பார்ப்பதால், முன்னர் நடந்தவை யாவும் போருக்குக் கட்டியம் கூறியவையாகவே தோன்றிவிடும். 1910-இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சிக்கு அந்தக் கதையில் இடமே கிடைப்பதில்லை.

என் தேர்வு 1905. பால்டிக் கடலிலிருந்து 1904 அக்டோபரில் புறப்பட்ட ரஷ்யக் கடற்படை, வட கடலில் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானியப் போர்ப் படகுகள் என்று எண்ணிச் சுட்டது. அதன் பெருங்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. எந்தத் துறைமுகத்தைக் காக்க அந்தப் படை அனுப்பப்பட்டதோ, சீனக் கரையில் ரஷ்யா வைத்திருந்த அந்த ஆர்தர் துறைமுகம் படை வந்து சேருமுன்பே, 1905 ஜனவரியில் வீழ்ந்துவிட்டது. ஏழு மாதப் பயணத்துக்குப் பின் மே 27, 28 தேதிகளில் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள சுஷிமா நீரிணையில் ஜப்பானியத் தளபதி டோகோவின் படை அதை அழித்தது. ரஷ்யத் துறைமுகமான விளாடிவாஸ்டாக்கை எட்டியவை மூன்று கப்பல்கள்தாம். ஓர் ஆசிய நாடு ஐரோப்பியப் பேரரசை வீழ்த்தியது என்ற செய்தியோடு தொடங்கும் மாணவருக்கு, 1906-இல் ஈரான் பெற்ற அரசியலமைப்பும், 1908-இல் உஸ்மானியப் பேரரசில் இளந்துருக்கியர் நடத்திய புரட்சியும் ஓரத்துக் குறிப்புகளாகத் தெரியமாட்டா.

எல்லாவற்றையும் சுஷிமாவின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து இவ்வழியில் உண்டு. 1911 அக்டோபர் 10 அன்று சீனாவின் வூச்சாங்கில் வெடித்து, முடியாட்சியின் வீழ்ச்சிக்கு வழிவகுத்த கிளர்ச்சிக்கு, ரயில் பாதைகளை அரசுடைமையாக்கியதை எதிர்த்து சிச்சுவானில் எழுந்த போராட்டம் போன்ற சீனத்துக்கே உரிய காரணங்கள் இருந்தன. இருப்பினும் 1914-ஐ இந்த வழி தவறவிடுவதில்லை. கிழக்கே தோற்ற ரஷ்யா பால்கன் பக்கம் மீண்டும் திரும்பியதும், 1908-இல் போஸ்னியாவை ஆஸ்திரியா-ஹங்கேரி இணைத்துக்கொண்டபோது பணிய நேர்ந்ததும் தெரிந்தவருக்கு, 1914-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போர் தொடுத்த செர்பியாவை ரஷ்யா ஏன் கைவிடவில்லை என்பது விளங்கும்.

பொருளின் தடம் பற்றும் வழிக்கு வெடியுப்பு நல்ல எடுத்துக்காட்டு. வெடிமருந்துக்கு இன்றியமையாத அது சிலியிலிருந்து வந்தது. பிரிட்டனின் கடல் முற்றுகை அதைத் தடுத்தபோது, வெடிமருந்துக்கு மாற்று மூலப்பொருளாக அமைந்த அம்மோனியாவைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து தயாரிக்கும் ஹேபர்-பாஷ் முறை, 1913-இலேயே ஜெர்மனியின் ஓப்பாவில் தொழிற்சாலை அளவில் தொடங்கப்பட்டிருந்ததால், அந்நாட்டுக்குக் கைகொடுத்தது. ஆழமான வழிதான், ஆனால் ஆண்டுகளின் வரிசை மனத்தில் பதிந்த பிறகே இதை எடுக்க வேண்டும்.

எந்த வழியில் சென்றாலும் ரஷ்யத் தேதிகளில் விழிப்பாக இருக்க வேண்டும். 1918 பிப்ரவரி வரை அங்கே பழைய நாட்காட்டியே இருந்தது. 13 நாட்கள் பின்தங்கிய அதன் கணக்கில் 1905 ஜனவரி 9 என்று பதிவான ‘ரத்த ஞாயிறு’ (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மனுவோடு ஊர்வலமாக வந்த தொழிலாளர்களைப் படையினர் சுட்ட நாள்), பிற நாட்டு நூல்களில் ஜனவரி 22 என்றே இருக்கும்.