கேரவன் சர்வீஸ்: பிரேக்குக்குக் காசு கொடுங்க, கூரைக்குக் கொடுக்காதீங்க

கேரவனை வருடாந்திர சர்வீஸுக்கு மொத்தமாக விடலாமா, இல்லை நாமே பார்த்துக்கொள்ளலாமா என்று புதிதாக வாங்கிய நண்பர் ஒருவர் கேட்டார். டிராவலர் வேன் மேல் கட்டின வகை. சேலத்தில் நிற்கும், சனி ஞாயிறு ஏற்காடு ஏறும். அந்த உபயோகத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிரீஸ் எல்லாம் எந்த வேனுக்கும் உள்ளதுதான், அதில் பேச ஒன்றுமில்லை.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு. சாதாரண வேன் சில நாள் காலியாக ஓடும். கேரவனில் கட்டில், அலமாரி, பேட்டரி, தண்ணீர் டேங்க் என்று லோடு இறங்குவதே இல்லை. பிரேக் ஆயிலோ காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். பெடல் கல்லு மாதிரி நின்றும் வண்டி நிற்கவில்லையா, வீலில் உரசிப் பிடிக்கும் லைனர் சூடேறிப் பிடியை விட்டுவிட்டது. எதுவானாலும் ஓரம் கட்டி ஆறவிட வேண்டும், பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது. நாலு வீலும் கழற்றி, லைனர் கனம் பார்த்து, ஆயிலை மாற்றி, குழாயில் சிக்கிய ஏர் எடுப்பது பட்டறை வேலைதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. அப்புறம் இரண்டாவது கியரில் இறங்குங்கள், அதற்கு எந்த பில்லும் கிடையாது.

டயர் காற்று விஷயத்தில் சர்வீஸ் சென்டரை நம்ப வேண்டாம். கதவில் ஒட்டியிருக்கும் வெறும் வேன் கணக்கைப் பார்த்துப் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். சேலம் பைபாஸில் எடைமேடைக்கா பஞ்சம்? டேங்க் நிரப்பி, சாமான் ஏற்றி, முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக எடை போட்டு, டயர் கம்பெனி அட்டவணைப்படி காற்று பிடிக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதுவும் பெரும்பாலும் பின் அச்சுக்குப் பின்னால். மலை ஏறும்போது கால் டேங்க் போதும்.

கேஸ் லைனையும் ஆள் வைத்தே பாருங்கள். வளைவுக் குலுக்கலில் செம்புக் குழாய் கிளிப் தளரும். சிலிண்டர் பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையை மிதியடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும், அந்த ஓட்டை அதற்குத்தான். சோப்புத் தண்ணீர் தடவி நுரை பார்ப்பது மட்டும் நாமே செய்யலாம்.

இனி கூரை. இங்கேதான் கோபம் வருகிறது.

செக்லிஸ்ட்டில் 'வாட்டர் லீக் சரிபார்ப்பு' என்று டிக் இருக்கும். ஏற்காட்டில் ஒரு மழை பெய்ததும் ஜன்னல் மூலையில் பிளைவுட் உப்பும். பட்டறையில் அந்த ஜன்னலைச் சுற்றி ஒரு டியூப் சிலிகானைப் பிதுக்கிவிட்டு லேபர் போடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி அதே மூலை. உண்மையில் தண்ணீர் நுழைவது ரூஃப் வென்ட் (கூரையில் காற்றுக்காக வைத்த திறப்பு) ஸ்க்ரூ வழியாக. சீலிங்குக்குள் ஓடி, தாழ்ந்த இடம் பார்த்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிறது. சேலத்து ஏப்ரல் வெயிலில் கூரை ஷீட் விரியும், மலைக் குளிரில் சுருங்கும், வளைவுகளில் பாடி முறுக்கும். இதற்கெல்லாம் ஈடுகொடுக்க ஸ்க்ரூ மேல் தடவின பூச்சால் முடியாது. பழைய சிலிகான் மேல் எதைத் தடவினாலும் ஒட்டவும் ஒட்டாது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஹோஸ் போதும். கீழேயிருந்து மேலே போக வேண்டும்: முதலில் ஜன்னல் அடி, பிறகு மேல் விளிம்பு, கடைசியில் வென்ட். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் மெல்ல ஓடவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்க வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் எது ஒழுகுகிறது என்றே தெரியாது. வென்ட்தான் என்றால் முழுசாகக் கழற்றுங்கள். பழைய சிலிகானை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஃபிரேம் அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராக முடுக்குங்கள். சுற்றிலும் டேப் பிதுங்கினால்தான் சரி. மறுநாள் இன்னொரு முறை முடுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட்டு, ஸ்க்ரூ தலைகள் மேல் கூரைக்கான சீலண்ட். ஒரு சனிக்கிழமை வேலை. இதைச் செய்ய சர்வீஸ் சென்டரில் யாருக்கும் பொறுமை இல்லை. நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறை ஆட்கள் சொன்னால் செய்துகொடுப்பார்கள். அவர்களுக்கு ஷீட் எங்கே பிளக்கும் என்று தெரியும்.

ஆக, பாதி வேலை அருமை, பாதி வேலை ஏமாற்று என்று எழுதிவிட்டு, முழு சர்வீஸ் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பிரேக்குக்காக அடுத்த முறையும் அங்கேதான் விடுவேன். கூரை மேல் யாரும் ஏறக் கூடாது என்று ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு.