பவர்லைன் அடாப்டர்: புதுச்சேரி பழைய வீட்ல மூணு வருஷ அனுபவம்

எங்க வீடு தமிழ்ப் பகுதில இருக்கு, திண்ணை, மித்தம், பின்கட்டுன்னு ரயில் மாதிரி நீளமா போற வீடு. ஃபைபர் கனெக்‌ஷன் வர்றது முன்கட்டு ஹால்ல, நான் உக்காந்து வேலை பாக்குற ரூம் பின்கட்டு மாடில. நடுவுல ஒன்றரை அடி செங்கல் சுவரு மூணு. ரவுட்டர் பக்கத்துல 100 எம்பிபிஎஸ் நெட் ஸ்பீடு முழுசா கிடைக்கும், என் ரூம்ல வைஃபை ஒரே ஒரு கோடு, கதவ சாத்துனா அதுவும் இல்ல. ரிப்பீட்டர் ஒன்னு வாங்கி மித்தத்துல வச்சு பாத்தோம், மீட்டிங்ல நான் பேசுறது அவங்களுக்கு துண்டு துண்டா தான் கேட்டுச்சு. லேன் கேபிள் இழுக்கலாம்னா சுண்ணாம்பு பூச்சுல ட்ரில் வச்சா உள்ளங்கை அகலத்துக்கு பேந்து வரும்னு மாமா ஒத்துக்கவே இல்ல, அவர் சொன்னது சரிதான், ஏற்கனவே ஏசி குழாய்க்கு போட்ட ஓட்டைய சுத்தி இன்னைக்கும் பூச்சு நிக்கல.

2022 பொங்கலுக்கு பிரான்ஸ்லேர்ந்து வந்த சித்தப்பா இந்த பவர்லைன் அடாப்டர் செட்ட கொண்டாந்தாரு. அங்க இத "செ பே எல்"னு சொல்றாங்களாம், CPLங்கற எழுத்துகள பிரெஞ்சுல சொல்றது. விஷயம் சிம்பிள். வயர்ல ஓடுற கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதே வயர்ல மெகாஹெர்ட்ஸ் கணக்குல டேட்டா சிக்னல ஏத்தி விடுறாங்க, ரெண்டும் ஒன்னோட ஒன்னு மோதிக்காது. ஒரு அடாப்டர ரவுட்டர் பக்கத்து பிளக்ல சொருகி லேன் வயர் குடுக்கணும், இன்னொன்ன ரூம்ல சொருகி அதுலேர்ந்து லேப்டாப்புக்கு. ரெண்டுத்துலயும் ஜோடி சேக்குற "Pair" பட்டன ரெண்டு நிமிஷத்துக்குள்ள அமுக்குனா ஜோடி சேந்துக்கும். அமுக்காம விட்டுடாதீங்க, சிக்னல் பக்கத்து வீட்டு வயருக்கும் கசிய வாய்ப்பு இருக்கு, பட்டன் அமுக்குனா தான் நமக்குன்னு தனி சாவி போட்டு பூட்டிக்கும்.

பெட்டில 1200 எம்பிபிஎஸ்னு போட்டிருந்துச்சு. மொத நாள் எனக்கு வந்தது 8 எம்பிபிஎஸ். அழுகையே வந்துடுச்சு, சித்தப்பா முகத்த பாக்கவே சங்கடமா இருந்துச்சு. அப்புறம் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மெயின் போர்ட தொறந்து பாத்தாரு. "எம்மா, உங்க வீடு த்ரீ ஃபேஸ், ஹாலு ஒரு ஃபேஸ்ல ஓடுது, மாடி வேற ஃபேஸ்ல ஓடுது, அப்புறம் எப்படிம்மா போகும்"னாரு. ஃபேஸ்னா வீட்டுக்குள்ள தனித்தனியா வர்ற கரண்ட் கம்பி, ரெண்டு ஃபேஸுக்கும் நடுவுல நேரா வழி கிடையாது, கசிஞ்சு போற சிக்னல் தான் அந்த 8. அவரே ஒரு வழியும் சொன்னாரு, இன்வெர்ட்டர் லைன் முழுக்க ஒரே ஃபேஸ்ல தானே இருக்கு, ரெண்டு பாயிண்ட்டையும் அதுலயே குடுத்துடலாம்னு. குடுத்ததும் 55, 60ன்னு வர ஆரம்பிச்சுது. கரண்ட் கட்டானாலும் ஓடுது, இன்வெர்ட்டருக்கு மாறுற நேரத்துல சிலசமயம் அடாப்டர் ஒருதரம் அணைஞ்சு எரியும், ஒரு நிமிஷம் பொறுக்கணும் அவ்ளோதான்.

1200 ஏன் வரலன்னா, அது லைவ், நியூட்ரல், எர்த் மூணு கம்பியும் இருந்தா சொல்ற கணக்கு, அதுவும் பேப்பர்ல. பிரான்ஸ் பிளக் நம்ம சாக்கெட்ல சரியா உக்காராது, கன்வர்ட்டர் போட்டு தான் சொருகுறோம், அந்த கன்வர்ட்டர்ல எர்த்தே இல்ல. வெளிநாட்டுலேர்ந்து யாராவது கொண்டாந்தா இத முதல்ல பாருங்க. ஸ்பைக் கார்டு வச்ச எக்ஸ்டென்ஷன் போர்டுலயும் சொருகாதீங்க, அதுக்குள்ள இருக்கற ஃபில்டர் இந்த சிக்னலயும் சேத்து அழிச்சிடும், சுவத்து பாயிண்ட்ல நேரா தான் போடணும்.

அடுத்தது மிக்ஸி. தினம் காலைல ஏழரைக்கு ஒரு வீடியோ கால் இருக்கும், கரெக்டா அந்த நேரத்துல அடாப்டர்ல பச்சையா இருக்குற லைட்டு செவப்பாகும், படம் உறைஞ்சு நிக்கும், ஒரு நிமிஷத்துல தானா பச்சைக்கு வந்துடும். ஒரு வாரம் புரியல. ஒருநாள் லைட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கேன், கீழ கர்ர்ருன்னு சட்னி அரைக்குற சத்தம், அதே செகண்ட் செவப்பு. மிக்ஸி மோட்டார்ல கார்பன் பிரஷ் பொறி தட்டும், அந்த பொறி தான் லைன் பூரா இரைச்சல கெளப்புது. கிரைண்டர் மணிக்கணக்கா ஓடுனாலும் ஒன்னும் ஆகறதில்ல, அதுல பிரஷ் கிடையாது. இப்போ அத்தை படிக்கட்டு கிட்ட வந்து "மிக்ஸி போடவாம்மா?"ன்னு கேட்டுட்டு தான் போடுவாங்க, எழுவது வயசுல எனக்காக அதையும் ஞாபகம் வச்சிருக்காங்க. விலை கம்மியான ஒரு செல்போன் சார்ஜரும் இதே வேலைய பண்ணுச்சு, அத மாத்திட்டோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கம் கரைய கடந்துச்சே, அதுக்கு அப்புறம் கரண்ட் வந்ததும் பாத்தா 60 இருந்தது 11. அடாப்டர் போச்சுன்னு தான் நெனச்சேன், ரெண்டையும் எடுத்து ஹால்லயே பக்கத்து பக்கத்து பாயிண்ட்ல போட்டு பாத்தா பிரமாதமா ஓடுது. அப்போ வயர்ல தான் கோளாறு. அண்ணன் மித்தத்து தாழ்வாரத்துல இருக்கற ஜங்ஷன் பாக்ஸ தொறந்தாரு, உள்ள சுவரு ஓதம் ஊறி, இன்வெர்ட்டர் லைன் ஜாயிண்ட்ல சுத்தியிருந்த டேப் கருகி கையோட வந்துச்சு, செம்பு பச்சை பூத்து கிடந்துச்சு. ஃபேன், லைட்டு எல்லாம் ஒழுங்கா எரிஞ்சிட்டிருந்ததால யாருக்குமே தெரியல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்னாரு, எனக்கு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. அன்னைலேர்ந்து ஸ்பீடு காரணமில்லாம கொறைஞ்சா நான் நெட்டு கம்பெனிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி வயரிங்க பாக்க சொல்லிடுவேன்.

சுவத்துல கேபிள் இழுக்க முடியும்னா கேட் சிக்ஸ் (Cat 6) லேன் வயர் தான் போடுங்க, அதுக்கு இது ஈடே இல்ல. புது வீடு கட்றவங்க பைப்போட பைப்பா அதையும் இப்பவே இழுத்துடுங்க. எங்கள மாதிரி சுவரு தொட முடியாதவங்களுக்கு மட்டும் இத தைரியமா சொல்வேன், மூணு வருஷத்துல மிக்ஸி நேரம் தவிர மீட்டிங் அறுந்தது கைவிட்டு எண்ற தடவ தான். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பாயிண்ட்டும் ஒரே ஃபேஸான்னு எலக்ட்ரீஷியன விட்டு பாத்துக்குங்க, சரிப்படலன்னா திருப்பி எடுத்துக்குற கடையா பாத்து வாங்குங்க.