சூரிய ஆக்சியான் வேட்டை: காஸ்ட், பேபி ஐஆக்ஸோ, செனான் தொட்டி, இவற்றில் எது நம்பகமானது?

ஆக்சியான் என்ற துகள் உண்மையில் இருக்கிறதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் அது இருந்து, ஒளியோடு கொஞ்சமாவது ஒட்டும் குணமும் அதற்கு இருந்தால், சூரியனின் மையத்தில் அது பிறந்தே ஆகவேண்டும். அங்கே 1.5 கோடி டிகிரி வெப்பத்தில் அலையும் எக்ஸ் கதிர் ஃபோட்டான்களில் சில, அணுக்கருக்களின் மின்புலத்தைக் கடக்கும்போது ஆக்சியானாக மாறும், மாறிய துகள் எதிலும் மோதாமல் சூரியனைவிட்டு வெளியேறி எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். இங்கே அதன் வழியில் ஒரு வலுவான காந்தத்தை வைத்தால் அதில் சிலது திரும்பவும் எக்ஸ் கதிராகும், அதைப் பிடித்துவிடலாம். 1983இல் பியர் சிகிவி சொன்ன யோசனை இது. இப்படிப்பட்ட காந்தத் தொலைநோக்கிக்கு ஹீலியோஸ்கோப் என்று பெயர்.

முதலில் பழைய ஆட்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 1990களின் தொடக்கத்தில் செய்ததில் காந்தம் அசையவே அசையாது, சூரியன் அதன் நேருக்கு வரும் சில நிமிடங்கள்தான் கணக்கு. டோக்கியோவின் சுமிகோ அதைவிட எவ்வளவோ மேல், ஏறக்குறைய அரை நாள் சூரியனைத் தொடரும். ஆனால் அதன் காந்தம் 4 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அலகு), நீளம் 2.3 மீட்டர்தான்.

அடுத்து வந்ததுதான் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்தின் காஸ்ட். அங்குள்ள எல்.எச்.சி. என்ற பெரிய துகள் முடுக்கிக்காகச் செய்துபார்த்த மாதிரிக் காந்தம் ஒன்று, அதற்குமேல் வேலை இல்லாமல் கிடந்ததை எடுத்துச் சுழலும் மேடையில் ஏற்றினார்கள். நீளம் 9.26 மீட்டர், புலம் 9 டெஸ்லா. எல்.எச்.சி.யில் கடைசியாகப் பூட்டிய காந்தங்களின் குழல் லேசாக வளைந்திருக்கும், இந்த மாதிரியின் குழல்கள் நேரானவை, அதனால்தான் இது இந்த வேலைக்குத் தோதாக அமைந்தது. ஆக்சியான் ஃபோட்டானாக மாறும் வாய்ப்பு, புலத்தையும் நீளத்தையும் பெருக்கி அதை வர்க்கமாக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் சுமிகோவைவிட காஸ்ட் ஏறத்தாழ 80 மடங்கு மேலே. குறை என்னவென்றால் இவ்வளவு கனமான காந்தத்தை மேலும் கீழும் 8 டிகிரிக்கு மேல் சாய்க்க முடியாது, ஆகவே காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த வேலையின் கஷ்டம் புரியும். ஒளியோடு ஆக்சியான் ஒட்டும் வலுவை 10⁻¹⁰ (அலகு: ஒன்றின் கீழ் கிகா எலக்ட்ரான் வோல்ட்) என்று வைத்துக்கொள்வோம். பூமியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு நொடிக்குச் சுமார் 37,500 கோடி ஆக்சியான்கள் விழும். கேட்கவே பெரிதாக இருக்கிறது, ஆனால் காஸ்ட் காந்தத்துக்குள் ஒரு ஆக்சியான் எக்ஸ் கதிராகும் வாய்ப்பு 10¹⁷இல் ஒன்றோ இரண்டோதான். இரண்டு குழல்களையும் சேர்த்தால் பரப்பு 29 சதுர சென்டிமீட்டர். எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு காலைப்பொழுதுக்கு ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான், அதுவும் கருவி ஒன்றையும் தவறவிடாது என்றால்.

2024இல் வெளியான காஸ்டின் கடைசி முடிவு, ஒட்டும் வலு 0.57 × 10⁻¹⁰ஐத் தாண்டாது என்கிறது. அதே கணக்கில் பத்துக் காலைப்பொழுதுக்கு ஒரு ஃபோட்டான். சூரியனில் பிறக்கும்போது ஒருமுறை, காந்தத்தில் மாறும்போது ஒருமுறை என்று வலுவின் வர்க்கம் இரண்டு தடவை வருவதால் சமிக்ஞை நான்காம் அடுக்கில் சரிகிறது. வலுவில் பத்து மடங்கு கீழே போக வேண்டுமென்றால் பத்தாயிரம் மடங்கு நல்ல கருவி வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கருவியைப் பார்க்க வேண்டும்.

ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்துக்கென்று திட்டமிட்டிருக்கும் பேபி ஐஆக்ஸோவில் புலம் சுமார் 2 டெஸ்லாதான். காஸ்டின் 9 எங்கே, இந்த 2 எங்கே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் குழலின் அகலத்தைப் பாருங்கள். காஸ்டில் 4.3 சென்டிமீட்டர், உள்ளங்கைகூட நுழையாது. இதில் 70 சென்டிமீட்டர், அதுவும் இரண்டு குழல்கள், 10 மீட்டர் நீளத்துக்கு. பரப்பு 250 மடங்குக்கு மேல் கூடுகிறது, புலத்தின் வர்க்கம் 20 மடங்கு குறைகிறது, கூட்டிக்கழித்தால் காந்தம் மட்டுமே காஸ்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் தேறுகிறது. அதோடு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சூரியனைத் தொடரும். இரவல் காந்தத்துக்கும் இந்த வேலைக்கென்றே வடிவமைத்த காந்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதன் பெரிய அண்ணனான ஐஆக்ஸோ எட்டுக் குழல்களோடு 20 மீட்டர் நீளம் இருக்கும், ஆனால் அது காகிதத்தில் இருக்கிறது.

சரி, காந்தமே இல்லாமல் தேடுகிறவர்கள்? இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த செனான்1டி கருவி திரவ செனான் நிரம்பிய தொட்டி. ஆக்சியான் வந்து செனான் அணுவின் எலக்ட்ரானோடு ஒட்டினால் அங்கே ஒரு மின்னல் தெரியும். 2020இல் அதில் 232 நிகழ்வுகள் வரவேண்டிய இடத்தில் 285 வந்தன, சூரிய ஆக்சியானாக இருக்கலாம் என்று பெரிய பரபரப்பு. ஆனால் அந்த அளவுக்கு எலக்ட்ரானோடு ஒட்டும் ஆக்சியான் இருந்தால் வெள்ளைக் குறுமீன்களும் செம்பூத விண்மீன்களும் நாம் காண்பதைவிட வேகமாக வெப்பத்தை இழந்திருக்க வேண்டும். 2022இல் பின்னணி இரைச்சலை ஐந்தில் ஒன்றாகக் குறைத்த அடுத்த கருவி செனான்என்டி அதே இடத்தைப் பார்த்தபோது அந்த உபரியைக் காணவில்லை.

என் வாக்கு ஹீலியோஸ்கோப்புக்குத்தான், காரணமும் இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. தொட்டிக்குச் சூரியனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. சூரிய ஆக்சியான் மலையையும் துளைத்து இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும், ஆகவே கூடுதலாக வந்தது ஆக்சியானா, தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் துளி டிரிட்டியமா (கதிரியக்க ஹைட்ரஜன்) என்று பிரிக்க நேரடி வழி இல்லை. காஸ்டில் சூரியனைப் பார்க்காத மற்ற இருபத்தொரு மணி நேரமும் பின்னணியை அளந்தார்கள். எக்ஸ் கதிர்க் கண்ணாடி வேறு, குழல் முழுக்க வரும் கதிரைச் சில சதுர மில்லிமீட்டர் புள்ளியில் குவித்தது (அந்தக் கண்ணாடி, 1999இல் ஏவியதும் மின்கலம் செத்துப்போன அப்ரிக்ஸாஸ் செயற்கைக்கோளுக்கான மாற்றுப் பாகம்). சமிக்ஞை அந்தப் புள்ளியில், அந்த நேரத்தில் மட்டும் வரவேண்டும். அதனால் ஒன்றுமே வரவில்லை என்ற முடிவையும் தைரியமாக நம்பலாம்.

சியாட்டிலின் ஏ.டி.எம்.எக்ஸ். ஆதரவாளர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கருவி நம் பால்வீதியில் நிறைந்திருக்கும் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் பொருள்) ஆக்சியானாக இருக்கலாம் என்று அதைத் தேடுகிறது, கோட்பாட்டு இயற்பியலாளர்கள் மிகவும் எதிர்பார்க்கும் நுண்ணிய வலுவை 2018இல் எட்டியும் விட்டது. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் ரேடியோவில் நிலையம் தேடுவதுபோல ஒவ்வொரு நிறையாகத் திருகிப் போக வேண்டும், அந்த முடிவு தொட்டதெல்லாம் 2.66 முதல் 2.81 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் வரை (துகளின் நிறையை இந்த அலகில்தான் சொல்வார்கள்). கரும்பொருள் ஆக்சியானால் ஆனதே இல்லை என்றால் அங்கே ஒன்றும் சிக்காது. காஸ்ட் குழல் வெற்றிடமாக இருக்கும்போது சுழியத்திலிருந்து 0.02 எலக்ட்ரான் வோல்ட் வரை எல்லா நிறைக்கும் ஒரே அளவீடு போதும்.

அதற்கு மேல் போனால் காஸ்டும் திருகத்தான் வேண்டும். நிறை கூடினால் ஆக்சியான் அலையும் எக்ஸ் கதிர் அலையும் குழலுக்குள்ளேயே தாளம் தவறிவிடும். அதைச் சரிசெய்யக் குழலில் ஹீலியம் வாயுவை நிரப்பி, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். காந்தம் 1.8 கெல்வின் குளிரில் இருப்பதால் சாதாரண ஹீலியம்-4 ஒரு கட்டத்துக்கு மேல் திரவமாகிவிடும், அப்புறம் ஹீலியம்-3க்கு மாறி 1.17 எலக்ட்ரான் வோல்ட் வரை போனார்கள். பேபி ஐஆக்ஸோவில் ஒருநாள் உண்மையிலேயே சமிக்ஞை வந்து, அந்த ஆக்சியான் கொஞ்சம் கனமானதாகவும் இருந்துவிட்டால், எந்த அழுத்தத்தில் சமிக்ஞை தூக்கலாக வருகிறது என்பதை வைத்தே அதன் நிறையையும் அளந்துவிடலாம்.