சின்ட்ரோபிக் வேளாண்காடு கற்கும் குழுவுக்கு எது சரி: வட்ஸ்அப்பா, டொலர் வாடகைத் தளமா, சொந்தத் தளமா?

2023 புரட்டாதியில் ஒரு ஞாயிறு காலை, கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா, சின்ட்ரோபிக் வேளாண்காடு (பயிரையும் மரத்தையும் அடுக்கடுக்காகச் சேர்த்து வளர்க்கும் முறை) கற்கும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். இரண்டு வயது நடவு வரிசை. வாழை, பப்பாசி, நடுவில் தலைக்கு மேல் வளர்ந்த கிளிரிசிடியா (குழைக்காக வெட்டி வளர்க்கும் மரம்), அதன் நிழலில் மெலிந்துபோன ஒரு பலாக்கன்று. "அண்ணை, இந்தக் கிளிரிசிடியாவை அடியோட வெட்டுறதோ, நெஞ்சளவில விடுறதோ? மழை வரப்போகுது" என்று கேட்டிருந்தார்.

இதே கேள்விக்கு, ஏறக்குறைய இதே மாதிரியான படத்துக்கு, சாவகச்சேரி ஐயா ஒருவர் முந்தின வருடமே நான்கு நிமிடக் குரல்பதிவில் பதில் சொல்லியிருந்தார். எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது, வெட்டிய கொப்பை எந்தப் பக்கம் அடுக்குவது, வாழைக்குற்றியை நெடுக்காகப் பிளந்து வெட்டுமுகம் மண்ணைப் பார்க்க வைப்பது, எல்லாம் அதில் இருந்தது. வெள்ளவத்தையில் வீட்டு மொட்டைமாடியில் இருந்து முக்கால் மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. இடையில் போன் மாற்றியிருந்தேன். பழைய குரல்பதிவுகள் எல்லாம் போய்விட்டன. கடைசியில் ஐயாவுக்கே அழைப்பு எடுத்தேன். "தம்பி, போன வருசம் சொன்னனான் எல்லே" என்றார். பிறகு பொறுமையாகத் திரும்பவும் சொன்னார்.

அன்றைக்குத்தான் குழுவை வட்ஸ்அப்பிலேயே வைத்திருப்பதா, வேறெங்காவது கொண்டுபோவதா, அதற்குக் காசு எங்கே என்று யோசிக்கத் தொடங்கினோம். மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டோம். என் சாய்வு சொந்தத் தளத்தின் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில், நாங்கள் படிக்கும் சின்ட்ரோபிக் முறையைப் பற்றிச் சுருக்கமாக. இதை உருவாக்கிய எர்ன்ஸ்ட் கோட்ச் 1948இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1980களில் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், வெட்டியும் எரித்தும் மேய்த்தும் களைத்துப்போன சுமார் 500 ஹெக்டேயர் நிலத்துக்குப் போனவர், அங்கே காட்டையும் கொக்கோவையும் சேர்த்தே வளர்த்துக் காட்டினார். அடர்த்தியாக நடுவது, நிலத்தை எப்போதும் மூடி வைப்பது, கடுமையாகக் கவாத்துப் பண்ணுவது, இவைதான் அடிப்படை. மரங்களை உயர அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் அடுக்கு ஏறத்தாழ 20 வீதம் நிழல் தரலாம், அடுத்தது 40, நடு அடுக்கு 60, கீழ் அடுக்கு 80 என்று ஒரு கணக்கு உண்டு. கண்டி வீட்டுத் தோட்டத்தில் தென்னை, பலா, கமுகு, மிளகு, வாழை, கிழங்கு என்று தட்டுத் தட்டாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. 1980களில் பதுளை மாவட்டத்து மிரஹாவத்தையில் சூழலியலாளர் ரணில் சேனநாயக்க வளர்த்தெடுத்த, இயற்கைக் காட்டின் அமைப்பைப் பின்பற்றி நடும் ஒப்புமைக் காட்டு முறையும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரித்தான். பூவரசங்குழையைத் தோட்டத்தில் தாழ்த்திய யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு, குழை மண்ணுக்கு என்ன செய்யும் என்று பாடம் எடுக்கத் தேவையே இல்லை.

கஷ்டம் காலத்தில்தான் இருக்கிறது. இன்று நட்ட வரிசையில் முதல் வருடம் பயறும் மரவள்ளியும், அடுத்து வாழையும் பப்பாசியும், பத்து வருடம் கழித்துப் பலாவும் மாவும். ஒவ்வொரு கட்டத்திலும் எதை வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பதுதான் படிப்பு. அதே வரிசையின் போன போகத்துப் படத்தையும் இந்தப் போகத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். ஆகவே, குழு இருக்கும் இடம் எட்டுப் பத்து வருடமாவது நிற்கவேண்டும், பழையதை ஞாபகம் வைத்திருக்கவும் வேண்டும்.

வட்ஸ்அப்பின் நல்லதை எல்லோரும் அறிவார்கள். எல்லார் கையிலும் இருக்கிறது, இலவசம், எழுதத் தயங்குபவர்கள் பேசி அனுப்பலாம், ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். கொழும்பில் இருந்து யோசிக்கும் நாங்கள் தவறவிட்ட ஒன்றும் உண்டு. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் போடுவது சமூக வலைத்தளங்களுக்கு மட்டுமான டேட்டா பக்கேஜ். அதில் வட்ஸ்அப் திறக்கும், யூடியூப் திறக்கும், நாங்கள் செலவழித்துக் கட்டிய தளம் திறக்காது. இதை நாங்கள் தளம் தொடங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அதனால் வட்ஸ்அப்பை மூடவில்லை. அது எங்கள் படலை. வருபவர்கள் அங்கேதான் நின்று கூப்பிடுவார்கள்.

டெலிகிராமை ஒரு மாதம் மட்டும் பார்த்தோம். பழையதைத் தேடுவது எவ்வளவோ மேல், ஆனால் வயதானவர்கள் வரவில்லை. ஒரு மாதத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது சரியில்லை.

அடுத்தது டொலர் வாடகைத் தளங்கள். ஸ்கூல் (Skool), சேர்க்கிள் (Circle), மைட்டி நெட்வேர்க்ஸ் மாதிரியானவை. பாடம், கலந்துரையாடல், நேரலை, கட்டணம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2023 கடைசியில் இப்படி ஒன்றில் மூன்று மாதம் இருந்தோம். அழகு என்றால் அழகுதான். ஆட்களும் உற்சாகமாக இருந்தார்கள். மாதம் 99 டொலர்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம். இப்படியான தளங்கள் பெரும்பாலும் ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகத்தான் உறுப்பினரிடம் காசு வாங்குகின்றன. ஸ்ட்ரைப்பில் இலங்கை நிறுவனம் கணக்குத் திறக்க முடியாது. அப்படியென்றால் வாடகையைக் கட்டுவது தளத்துக்கு, சந்தாவைச் சேர்ப்பது வேறெங்கோ. இரண்டாவது, செலவு டொலரில், வரவு ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. 99 டொலர் பில் 20,000இல் இருந்து 36,000 ஆவதற்கு இரண்டரை மாதம் போதுமாக இருந்தது. அந்த மாதங்களில் தக்காளி விற்றவருக்கு வருமானம் அப்படிக் கூடவில்லை. அதைக் கண்ணால் பார்த்த நாட்டில், டொலர் வாடகையில் பத்து வருட வேலையைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. வாடகை நின்றால் பதிவுகளின் கதி என்ன என்ற கேள்வியும் உண்டு. நாங்கள் வெளியேறும்போது எழுத்தை எடுக்க முடிந்தது. படங்களை ஒவ்வொன்றாகத்தான் இறக்கினோம். மூன்று மாதத்துப் படங்களுக்கே ஒரு வாரம் பிடித்தது.

கனடாவிலோ இங்கிலாந்திலோ பதிவுசெய்த அமைப்பு ஒன்று உங்களுக்கு இருந்தால் கதையே வேறு. அவர்களுக்கு இது நல்ல வழிதான்.

இனிச் சொந்தத் தளம். 2024 தையில் டிஸ்கோர்ஸ் என்ற, கலந்துரையாடல் தளம் நடத்தும் கட்டற்ற மென்பொருளை வாடகை சேர்வர் ஒன்றில் போட்டோம். மென்பொருளுக்குக் காசில்லை. 2 ஜிபி நினைவகம் உள்ள சிறிய சேர்வருக்கு மாதம் 12 டொலர், 300 ரூபாய் கணக்கில் 3,600 ரூபாய். இதுவும் டொலர்தான், ஆனால் ரூபாய் பாதியாக விழுந்தாலும் 7,200தான் ஆகும். நாலு பேர் சேர்ந்தால் தாங்கலாம். பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி, வேறு சேர்வரில் விரிக்கலாம். ஒருமுறை அப்படி விரித்தும் பார்த்தோம், ஒரு சனிக்கிழமையில் முடிந்தது.

இப்போது ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பக்கம். நட்ட திகதி, மண், தண்ணீர், போகத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்த படம், வெட்டியது என்ன, வெட்டிய பிறகு துளிர்த்தது எப்படி. பெயர்களுக்குத்தான் நிறைய மெனக்கெட்டோம். கிளிரிசிடியாவை ஒருவர் சீமைக்கிளுவை என்பார், இன்னொருவர் கிளிசறியா என்று எழுதுவார். எதைப் போட்டுத் தேடினாலும் ஒரே இடத்துக்கு வரும்படி ஒவ்வொரு மரத்துக்கும் எல்லாப் பெயரையும் சேர்த்துக் கட்டினோம். முருக்குக்கும் முள்முருக்குக்கும் இடையில் நடந்த வாக்குவாதத்துக்கே ஒரு வாரம் போனது.

சொந்தத் தளத்தின் உண்மையான விலை பராமரிப்பு. மாதம் ஒருமுறை மென்பொருளைப் புதுப்பிக்கவேண்டும். மின்னஞ்சல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கவேண்டும். முதல் இரண்டு மாதம் எங்கள் மடல்கள் எல்லாம் ஸ்பாமுக்குள்தான் போயின. ஒருமுறை டிஸ்க் நிரம்பித் தளம் இரண்டு நாள் நின்றுவிட்டது. ஆட்கள் போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அளவைக் குறைக்கும் அமைப்பை நான் போடவில்லை. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவும் வேண்டும். பாஸ்வேர்ட் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. எங்களிடம் மூன்று பேர்: நான், வவுனியாவில் ஒரு தம்பி, டொரொண்டோவில் ஒரு தங்கச்சி. இங்கே கரண்ட் போனாலும் அவவுக்குப் போகாது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துத்தான் அப்படி வைத்தோம்.

மாதம் ஆறேழு மணி நேரம் இதற்குப் போகிறது. இந்த நேரத்தைத் தரக்கூடிய இரண்டு பேராவது இல்லாவிட்டால் சொந்தத் தளம் வேண்டாம். வட்ஸ்அப்பிலேயே இருந்து, நல்ல பதில்களை மாதம் ஒருமுறை எழுதி ஒரு கோப்பாகச் சேர்த்து வைப்பது அதைவிட நல்லது.

மூடில் (Moodle) என்ற பாடநெறி மென்பொருளில் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் மாதிரி பாடம், பரீட்சை, சான்றிதழ் என்றால் அது சரி. எங்கள் ஆட்களுக்கு வேண்டியது பக்கத்துக் காணிக்காரரின் வரிசை. அதனால் அதன் பக்கம் போகவில்லை.

காசு விஷயத்திலும், இது வருடக்கணக்காக நிற்குமா என்ற அதே கேள்விதான் முடிவைச் சொன்னது. 2022 நடுவில் ஒரு கொடையாளரிடமிருந்து பதினெட்டு மாதத்துக்குப் பணம் கிடைத்தது. இணைப்பாளர் ஒருவருக்குச் சம்பளம், வீடியோ, இரண்டு களப்பயிற்சி. அவர் கெட்டிக்காரர், வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்றன்றே பதில் போடுவார். பதினெட்டாம் மாதம் பணம் முடிந்தது, அவரும் வேறு வேலைக்குப் போனார். போகத்தானே வேண்டும். சாவகச்சேரி ஐயா மாதிரி ஓரிருவரைத் தவிர, அதற்குள் நாங்கள் யாரும் பதில் சொல்லப் பழகியிருக்கவில்லை. பலாக்கன்றுகள் அப்போது முழங்கால் உயரம்.

மானியம் கூடாது என்று சொல்லவரவில்லை. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இலிருந்து இயங்குகிறது. சமூக அமைப்புகளுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கிறது. அப்படியான பணம் நாற்றுமேடை, மாதிரி வரிசை, மலையகத்துக்கும் வடக்குக்குமான வீடியோக்கள் என்று ஒருமுறைச் செலவுகளுக்கு அருமையாக உதவும். மாதாமாதம் வரும் பில்லை மட்டும் அதில் கட்டாதீர்கள்.

பாடநெறி விற்பதையும் ஒருமுறை செய்தோம். எட்டு வாரம், 6,000 ரூபாய், 22 பேர். முக்கால்வாசி கொழும்பு உத்தியோகத்தர்கள், ஊரில் காணி உள்ளவர்கள். காசு வந்தது, எட்டாம் வாரத்தோடு பேச்சும் நின்றது. ஒரே ஒரு தடவை செய்ததை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. வெளிநாட்டில் பணம் திரட்டலாம் என்றால் கோஃபண்ட்மீ இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாது. உறவினர் ஒருவரின் பெயரில் எடுத்து, அவர் பிறகு அனுப்பி, கணக்குக் கேட்டு மனக்கசப்பு வருவதை நான் வேறு குழுக்களில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சந்தா. அதை மாதச் சந்தாவாக வைத்தது எங்கள் முதல் பிழை. கமக்காரரின் கையில் மாதாமாதம் காசு இருப்பதில்லை, அறுவடைக்குப் பிறகுதான் இருக்கும். இப்போது போகச் சந்தா: காலபோகத்துக்கு 750, சிறுபோகத்துக்கு 750. சேர்வர், டொமைன், பேக்கப், நேரலைக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 60,000 ரூபாய் அளவில் ஆகிறது. நாற்பது பேர் இரண்டு போகமும் கட்டினால் சரியாக அடைபடும். இன்று 48 பேர் கட்டுகிறார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்கள் இரட்டிப்பாகக் கட்டுகிறார்கள். அந்த மேலதிகம் இரண்டு வருடச் செலவுக்கான சேமிப்பாக வங்கியில் கிடக்கிறது. காசில்லாதவர்கள் தங்கள் வரிசையின் பதிவை ஒழுங்காகப் போட்டால் அதுவே சந்தா. சிலர் கிளிரிசிடியாத் தடி வெட்டிக் கட்டித் தருகிறார்கள், அதுவும் சந்தாதான். சீட்டுப் பிடித்துப் பழகிய ஆட்கள் என்பதால், யார் கட்டினார், எவ்வளவு செலவு என்று மாதம் ஒருமுறை குழுவில் கணக்குப் போட்டால் யாரும் குறை சொல்வதில்லை. வசூல் வங்கிக் கணக்குக்கு நேரடியாக. அட்டை, செயலி எதுவும் சேர்க்கவில்லை.

மலையகத்திலிருந்து எங்களிடம் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். லயத்துக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தில் செய்பவர்களுக்கு 750 ரூபாயும் கூடுதலாக இருக்கலாம், போகக் கணக்கும் பொருந்தாது. அவர்களுக்குச் சம்பளம் மாதத்துக்குத்தான். அவர்களோடு பேசித்தான் வேறு கணக்குப் போடவேண்டும்.

டேட்டா பக்கேஜ் சிக்கலுக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. இப்போதைக்கு இரண்டு பேர் வாரம் மாறி வாரம் படலையில் நிற்கிறார்கள். வட்ஸ்அப்பில் வரும் கேள்வியைத் தளத்தில் போட்டு, பதில் வந்ததும் ஒரே படமாக்கி வட்ஸ்அப்புக்குத் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. குரல்பதிவு என்றால் கேட்டு எழுதவேண்டும். சாவகச்சேரி ஐயாவின் நான்கு நிமிடத்தை எழுதினால் ஒன்றரைப் பக்கம் வருகிறது.

கிளிநொச்சி அக்கா அன்றைக்கு நெஞ்சளவில்தான் வெட்டினார். அவருடைய பக்கத்தில் இப்போது ஐந்து படங்கள் இருக்கின்றன, எல்லாம் அதே வேலிக்கட்டையில் சாய்ந்து நின்று எடுத்தவை. மூன்றாவது படத்திலேயே பலா கிளிரிசிடியாவைத் தாண்டிவிட்டது. ஆறாவது படம் ஐப்பசியில் வரவேண்டும்.