கோப்பர்நிக்கஸ் இலவசப் படங்கள்: ஏலமலை ஆராய்ச்சிக்குத் தாங்குமா?

குமுளி, வண்டன்மேடு, கம்பம் வட்டாரத்தில் காட்டையோ தோட்டத்தையோ வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் காசு கொடுத்துப் படம் வாங்கத் தேவையில்லை. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் புவி கண்காணிப்புத் திட்டத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதல் சேர்ந்து கிடக்கின்றன. கோப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசம். முக்கியமான நான்கு பட்டைகள் (தனித்தனி ஒளி அலைவரிசையில் எடுத்த படங்கள்) 10 மீட்டர் நுணுக்கம், 5 நாளுக்கு ஒரு படம். தரத்தில் குறையே சொல்ல முடியாது. கையாளுவதில்தான் ஆய்வேடு கவிழ்கிறது.

மேகம் 20 சதவீதத்துக்குக் கீழ் என்று வடிகட்டாதீர்கள். அந்தக் கணக்கு 110 கி.மீ. அகலமுள்ள முழு டைலுக்கு (ஒரு கோப்பாகக் கிடைக்கும் சதுரத் துண்டு). தென்மேற்குப் பருவத்தில் இடுக்கிப் பக்கம் மூடிக்கிடக்கும்போதும் மழைமறைவில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கு தெளிந்திருக்கலாம். மலையின் இரு பக்கமும் சேர்ந்து வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் நல்லது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்தாலும், படம் எடுக்கும் காலை 10.30 மணி வாக்கில் வடமேற்குச் சரிவுகள் நிழலில் இருக்கும்.

பலர் விழும் பெரிய பள்ளம் வேறு. 2022 ஜனவரி 25 முதல் முழுக் கோப்பாக இறக்கும் படங்களில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கும். சோலைக்காட்டில் சிவப்பு 300, அண்மை அகச்சிவப்பு 3000 என்றால், இவ்விரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் பசுமைக் குறியீடான என்டிவிஐ 0.82. அந்த ஆயிரத்தைக் கழிக்க மறந்தால் 1300, 4000 ஆகி 0.51க்கு இறங்கிவிடும். வெட்டுப்படாத காட்டை அழிந்ததாக எழுதிவிடுவீர்கள்! பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே தேதியை நம்பாமல் கோப்பின் பெயரில் உள்ள பதப்படுத்தல் எண்ணைப் பாருங்கள்: என்0400 (N0400), அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். படங்களை இறக்காமல் இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மோனைஸ்டு' தொகுப்பை எடுத்தால் இந்த வேலை மிச்சம்.

ஏலத்தோட்டத்தில் மட்டும் இந்தப் படம் கைவிடும். ஏலம் மரநிழலில் வளர்வது. மேலிருந்து தெரிவது மரத்தின் தலை. தோட்டமும் காடும் ஒரே பச்சையாக நிற்கும். என்டிவிஐ ஒன்றை வைத்துப் பிரித்த வரைபடம் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நிற்காது. சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட 20 மீட்டர் ரெட் எட்ஜ் பட்டைகளையும் பல மாதப் படங்களையும் சேர்த்துப் பாருங்கள், ஓரளவு பிரியும். மீதி களத்தில்தான்.

களப்புள்ளியை ஓரத்தில் எடுக்கக் கூடாது. மரத்தடியில் போன் ஜிபிஎஸ் 10 மீட்டர் வரைகூட விலகும், அதாவது அடுத்த பிக்சல். குறைந்தது 30க்கு 30 மீட்டர் ஒரே பயிராக உள்ள இடத்தின் நடுவில் நின்று குறியுங்கள். பெரியாறு காப்பகத்துக்குக் கேரள வனத்துறையிடமும் மேகமலைக்குத் தமிழக வனத்துறையிடமும் தனித்தனி அனுமதி வேண்டும். மார்ச் படத்துக்குக் களம் போக நினைப்பவர்கள் மழைக்காலத்திலேயே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும்.